முப்பது கிராமுக்குக் கீழே

இந்தியாவில் விற்கும் அழகுசாதனப் பொருளின் மேல் அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட அழகுசாதனப் பொருள்கள் விதிகள் இதைச் சொல்கின்றன. ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவற்றை, அதிகமானது முதலில் என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை அதன் பின்னால் எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு விதி ஒரு விலக்கையும் தருகிறது. திரவமானால் 60 மில்லிலிட்டருக்கும், திடப்பொருளோ களிம்போ ஆனால் 30 கிராமுக்கும் குறைவான பொட்டலங்களில் இந்தப் பட்டியல் தேவையில்லை. இதற்கு முன் நடப்பில் இருந்த விதிகளிலும் இதே விலக்கு இருந்தது.

இதைச் சின்னத் தொழில்நுட்ப விவரம் என்று கடந்து போகலாம். எனக்கு இது ஓர் அறக்கேள்வியாகப் படுகிறது. ஒருத்தி தன் உடம்பில் பூசிக்கொள்ளும் பொருளைப் பற்றி அவளுக்கு எவ்வளவு சொல்ல வேண்டும் என்பதை, அவள் ஒரே தடவையில் எவ்வளவு பணம் எடுத்து வைக்கிறாள் என்பது தீர்மானிக்கலாமா?

நான் இருக்கும் திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரக் கடைகளையும் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகளையும் இந்தக் கணக்கோடு பார்த்தால், பெண்கள் வாங்கும் பொருள்களில் பெரும்பகுதி முப்பது கிராமுக்குக் கீழேதான் இருக்கிறது. சரமாகத் தொங்கும் ஷாம்பு பாக்கெட், 25 கிராம் முகக் க்ரீம், கண்மை டப்பி, நகப்பூச்சு, லிப்ஸ்டிக், குங்குமச் சிமிழ். இந்த வரிசையில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பணம் குறைவாக இருப்பதால் சின்னதாக வாங்கும் பொருள். இன்னொன்று, விலை எதுவானாலும் இயல்பிலேயே சின்னதாக இருக்கும் பொருள். கண்ணோரம் தீட்டும் மையும் உதட்டில் பூசிச் சோற்றோடு உள்ளே போகும் சாயமும் இரண்டாம் வகை. ஆக, இந்த விலக்கு ஏழைப் பெண்ணுக்கும் பொருந்துகிறது, எல்லாப் பெண்களின் கண்ணுக்கும் வாய்க்கும் பொருந்துகிறது. பல நிறுவனங்கள் சட்டம் கேட்காவிட்டாலும் சின்ன டியூபிலும் பட்டியலை அச்சிடுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அது அவர்கள் விருப்பம். நாளைக்கு நிறுத்திவிட்டால் யாரும் கேட்க முடியாது.

சின்னப் பாக்கெட்டின் வரலாறு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஷாம்புவை பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவர் குடும்பத்தின் வெல்வெட் ஷாம்புவும், அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்புவும் பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்குள் போயின. ஐம்பது காசுக்கும் பாக்கெட் கிடைத்தது. வணிகக் கல்லூரிகளில் இதை ஒரு பெரிய வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. நடவுக்குப் போய்வந்த பெண், வாரத்தில் ஒருநாள் தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிக்கும் சுகத்தை அந்தப் பாக்கெட் கொடுத்தது. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஆனால் பொருளைச் சின்னதாகப் பிரித்தவர்கள் அதோடு சேர்ந்து போக வேண்டிய தகவலைப் பிரித்துக் கொடுக்கவில்லை. ஒரு பாக்கெட்டில் ஆறு மில்லிலிட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பாக்கெட் வாங்கினால் 60 மில்லிலிட்டர். அதே அளவைப் பாட்டிலாக ஒரே தடவை வாங்குகிறவளுக்குப் பட்டியல் கிடைக்கிறது. பத்துத் தடவை கடைக்கு வந்து வாங்குகிறவளுக்கு ஒரு தடவைகூடச் சொல்லத் தேவையில்லை. மாதம் ஒரு 25 கிராம் டியூப் என்று வருடம் முழுவதும் பூசினால் 300 கிராம் அவள் முகத்தில் போயிருக்கும். தோலுக்குக் கணக்கு அந்த 300 கிராம்தான். சட்டம் அதைப் பன்னிரண்டு தனித்தனி 25 கிராமாகப் பார்க்கிறது.

அச்சடிக்க இடமில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். நடைமுறைச் சிக்கல் இருக்கிறதுதான். ஆனாலும் அதே சின்ன டியூபில் நடிகையின் முகத்துக்கும், இரண்டு மொழியில் பெயருக்கும், குங்குமப்பூப் படத்துக்கும் இடம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இந்தச் சிக்கல் எழுந்தது. அங்கே 2009-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி பொருள் சின்னது என்பதற்காகப் பட்டியலைத் தள்ளுபடி செய்யவில்லை. பொட்டலத்தில் இடமில்லையென்றால் கூடவே ஒரு துண்டுச்சீட்டோ அட்டையோ வைக்க வேண்டும். சோப்பு போன்ற சின்னப் பொருள்களில் அதுவும் முடியாவிட்டால், பொருளை வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அறிவிப்பாக எழுதி வைக்க வேண்டும். நம் ஊரில் ஷாம்பு பாக்கெட்டுகள் ஒற்றை ஒற்றையாகவா கடைக்கு வருகின்றன? சரமாக வருகின்றன, அட்டைப்பெட்டியில் வருகின்றன. அந்தச் சரத்தின் தலைப்பிலோ பெட்டியின் மூடியிலோ எழுதலாம். எழுதச் சொல்லிச் சட்டம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது மொழி. பட்டியல் இருக்கும் பாட்டிலையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் அதில் 'அக்வா' என்று இருக்கும். வாசனைப் பொருள்கள் பல சேர்ந்தும் 'பர்ஃப்யூம்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். உலகம் முழுக்க ஒரே பெயர் இருந்தால் எந்த நாட்டு மருத்துவரும் புரிந்துகொள்ளலாம் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. அதன் பயனை நான் மறுக்கவில்லை. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவளுக்கு அந்தப் பட்டியல் இருந்தும் இல்லாததுதான்.

உள்ளூர் மொழியில் எழுதச் சொல்லச் சட்டத்துக்குத் தெரியாதா என்றால், தெரியும். பாரா பினைலீன் டையமின் என்ற சாயப்பொருள் கலந்த ஹேர் டை பெட்டியின் மேல், இது சிலருக்குத் தோல் எரிச்சல் தரலாம், முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைமுடிக்கும் போடக்கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழிகளிலும் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. உள்பொட்டலத்திலும் வெளிப்பெட்டியிலும் இருக்க வேண்டும். கண்பார்வை விஷயத்தில் முடிந்தது மற்ற விஷயங்களில் ஏன் முடியாது?

அந்த எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1933-இல் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற பெயரில் புருவத்துக்கும் இமைக்கும் போடும் சாயம் விற்றார்கள். அதில் இதே பாரா பினைலீன் டையமின் இருந்தது. அழகு நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்குப் பார்வை போயிற்று, ஒரு பெண் இறந்தும் போனார். அப்போது அங்கே அழகுசாதனத்தைக் கட்டுப்படுத்தும் தேசியச் சட்டம் இல்லாததால் அந்தப் பொருளை அரசால் கடையிலிருந்து அகற்ற முடியவில்லை. 1938-இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலும் தலைமுடிச் சாயங்களுக்கு ஒரு சலுகை கொடுத்தார்கள். குறிப்பிட்ட எச்சரிக்கையை அச்சிட்டுவிட்டால், தீங்கு செய்யும் சாயம் என்பதற்காக அந்தப் பொருளைத் தடுக்க முடியாது. நம் ஹேர் டை பெட்டியில் இருப்பது கிட்டத்தட்ட அதே வாசகம்.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். ஒரு எச்சரிக்கை இரண்டு வேலைகளைச் செய்யும். வாங்குகிறவளுக்கு அது ஓர் உரிமை. விற்கிறவனுக்கு அதுவே ஒரு கவசம். 'நான் சொன்னேன், நீ தெரிந்துதான் வாங்கினாய்' என்று அவன் ஒதுங்கிக்கொள்ளலாம். பட்டியல் வேண்டும் என்று கேட்கும் பெண்ணியர்கள் இந்த இரண்டாவது வேலையையும் கவனத்தில் வைக்க வேண்டும்.

முதல் வேலை எவ்வளவு முக்கியம் என்பதை நான் என் பெரியம்மா வழியாகத் தெரிந்துகொண்டேன். அவர் இருபது வருடமாக ஸ்டிக்கர் பொட்டு வைத்தவர். ஐம்பது வயதுக்கு அருகில் அவர் நெற்றி நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. பொட்டை எடுத்தால் தெரியும், வைத்தால் மறையும். அதனால் இன்னும் பெரிய பொட்டாக வைத்தார். வட்டமும் பெரிதாயிற்று. தெருவில் குஷ்டம் என்றார்கள், சாமி குத்தம் என்றார்கள். அந்த நேரத்தில் அவர் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரம்பரை வியாதியோ என்று கேட்டு ஒரு வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோயிலுக்குப் போவதைக்கூடப் பெரியம்மா குறைத்துக்கொண்டார்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனோம். அவர் பார்த்ததும், "இது பொட்டு ஒட்டுற பசையால வந்ததும்மா. நீங்க வாங்குற அட்டைய எடுத்துட்டு வாங்க" என்றார். சில பசைகளில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருள் இருக்கும், அது தோலுக்கு நிறம் தரும் செல்களைக் கெடுத்துவிடும் என்று விளக்கினார். தோல் மருத்துவத்தில் இது பல காலமாகத் தெரிந்த விஷயம். அட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அதில் ஒரு பெண்ணின் படமும் விலையும் இருந்தன. பசையில் என்ன இருக்கிறது, யார் செய்தது, எந்த ஊரில் செய்தது, ஒன்றும் இல்லை.

வெளியே வந்ததும் பெரியம்மா கேட்டார்: "இது வியாதி இல்லன்னு இப்ப ஊருக்கு யாருடி போய்ச் சொல்றது?"

அந்தக் கேள்விக்குள் இந்தக் கட்டுரையின் பாதி இருக்கிறது. ஒரு பொருளில் என்ன இருக்கிறது என்று எழுதாதபோது, அதனால் வரும் தீங்கு பொருளின் பெயரில் பதிவாவதில்லை. பெண்ணின் பெயரில் பதிவாகிறது. அவள் ரத்தம் சரியில்லை, அவள் குலம் சரியில்லை, அவள் முன்பிறவியில் ஏதோ செய்திருக்கிறாள். பசையைப் பற்றிய ஒரு வரி அந்த அட்டையில் இருந்திருந்தால் பெரியம்மாவால் அதைப் படித்திருக்க முடியாது. ஆனால் மருத்துவரால் முடிந்திருக்கும். மகளால் இன்னொருவரிடம் கேட்டிருக்க முடியும். எழுத்து தெரியாதவளுக்குப் பட்டியல் எதற்கு என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். பட்டியல் அவளுக்காகப் பேச வருகிறவர்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

இனி இரண்டாவது வேலை. பட்டியல் இருந்தாலும் அது செய்தவன் சொல்லும் வாக்குமூலம் மட்டுமே. பாதரசத்தை எடுத்துக்கொள்வோம். தோலில் நிறம் உருவாவதை அது தடுக்கும், அதனால் சில வாரங்களில் முகம் வெளுத்ததுபோல் தெரியும். சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். இந்திய விதிகளின்படி முகக் க்ரீமில் பாதரசத்தைச் சேர்க்கக்கூடாது. தற்செயலாகக் கலந்தாலும் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. தடை செய்த பொருளை எவன் பட்டியலில் எழுதுவான்? 2014-இல் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 32 சிவப்பழகு க்ரீம்களைச் சோதித்தபோது 14-இல் பாதரசம் இருந்தது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021-க்கும் 2023-க்கும் இடையில் ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களைக் கவனித்தார்கள். அந்த வகை உறுதியான 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள். க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவர்களுக்கு நோய் தணிந்தது. பாதரசம் கலந்த அழகுசாதனங்களை 2025-க்குள் முழுவதும் ஒழிப்பதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023-இல் முடிவு செய்தன. அந்த உடன்படிக்கையை இந்தியா 2018-இல் ஏற்றிருக்கிறது.

இப்படி நோய்ப்பட்ட பெண்களைப் பற்றிய பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: படிச்சுப் பார்த்து வாங்கியிருக்கணும். சமையலில் உப்பு, பிள்ளையின் மதிப்பெண், மாமியாரின் மாத்திரை நேரம் என்று எல்லாவற்றையும் நினைவில் வைக்கும் பொறுப்போடு, வேதியியலும் ஒருத்தி தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அந்த வாக்கியம். தெரிந்துகொள்ளும் கடமை அவள் தலையில் ஏறும்போது, சொல்லும் கடமையும் தீங்கில்லாததைச் செய்யும் கடமையும் உடையவர்கள் காணாமல் போகிறார்கள். படித்து வாங்குவது நல்ல பழக்கம், என் தங்கைகளுக்கும் சொல்வேன். அதைச் செய்யாதது அவள் குற்றம் ஆகாது.

இதைவிட எளிய தீர்வு ஒன்றைச் சிலர் சொல்வார்கள். நம் தோழிகளிலேயே சொல்கிறவர்கள் உண்டு. இதெல்லாம் எதற்கு, பூசாமல் விட்டால் என்ன? கறுப்பை இழிவாக்கி வெளுப்பை விற்கும் சந்தையின் மேல் அவர்களுக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது. 2020-இல் ஒரு பிரபல க்ரீம் தன் பெயரில் இருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்ததால் அந்தக் கோபம் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் கேள்வி கேட்க வேண்டிய இடத்தில் துறவைச் சொல்வது சரியில்லை. பெரியம்மா வைத்தது பொட்டு. அதை அழகுக்கு வைத்தார் என்று சொல்ல முடியுமா? வைக்காமல் தெருவில் நடக்கும் சுதந்திரம் அவருக்கு எப்போது இருந்தது? துணிக்கடையில் நிற்கும் பெண்ணிடம் 'ஒழுங்கா மேக்கப் போட்டு வா' என்று சொல்லும் மேலாளரை யார் கேட்பது? வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு பக்கம், வைத்ததால்தான் வந்தது என்று இன்னொரு பக்கம். அப்படியே ஒருத்தி ஆசைக்காகப் பூசினாலும், அவள் ஆசை அவளை ஏமாற்றுவதற்கான அனுமதிச்சீட்டு ஆகிவிடாது. 1940-இல் மருந்துகளுக்காக வந்த சட்டத்தில் அழகுசாதனங்கள் 1962-இல்தான் சேர்க்கப்பட்டன. பெண்களின் பவுடர் விவகாரம் என்ற அலட்சியம் சட்டத்துக்கும் இருந்தது. அதே அலட்சியத்தை நாமும் செய்ய வேண்டாம்.

இதில் இன்னொருத்தியையும் நினைக்க வேண்டும். பூசிக்கொள்கிறவள் ஒரு தடவை பூசுகிறாள். பியூட்டி பார்லரில் பூசிவிடுகிறவள் நாள் முழுக்க அதில் கை வைக்கிறாள். பெரிய டப்பாவிலிருந்து கிண்ணத்துக்கு மாற்றிய பிறகு அவள் கண் முன்னால் எந்த எழுத்தும் இல்லை. விரல் வெடித்தால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்கிறாள். அமெரிக்காவில் கடையில் விற்பவற்றுக்குப் பட்டியல் கட்டாயமாகிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், அழகு நிலையங்களுக்கென்று தனியாகச் செய்யும் பொருள்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லாமல் இருந்தது. கலிஃபோர்னியா மாநிலம் 2018-இல் சட்டம் இயற்றி, 2020 ஜூலை முதல் அவற்றுக்கும் பட்டியலைக் கட்டாயமாக்கியது. வாங்குகிறவரை மட்டும் மனதில் வைத்து எழுதிய சட்டத்தில் வேலை செய்கிறவள் விடுபட்டுப் போகிறாள் என்பதற்கு இது சாட்சி.

பிறகு எதைத்தான் கேட்பது? என் யோசனை நம் வீட்டுப் பழக்கத்திலிருந்து வருகிறது. யாராவது ஒரு பலகாரத்தை நீட்டினால், "என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்போம். கேட்பது தப்பில்லை. கொடுத்தவர் பதில் சொல்வார். "கொஞ்சமாத்தானே கொடுத்தேன், அதுக்கெல்லாம் சொல்ல முடியாது" என்று யாரும் சொல்வதில்லை. கேட்கத் தெரியாத குழந்தைக்குக் கொடுக்கும்போது இன்னும் கவனமாகக் கொடுப்போம். வாங்குகிறவருக்கு விவரம் குறைவாக இருந்தால் கொடுக்கிறவருக்குப் பொறுப்பு கூடும் என்பது நமக்குத் தெரிந்த நியாயம். அந்த முப்பது கிராம் விலக்கு இதைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது. யாருக்கு விவரம் கிடைப்பது கடினமோ, அவளிடம் சொல்லும் பொறுப்பையே குறைத்திருக்கிறது.

மலையடிவாரத்தில் இன்றைக்கும் குங்குமத்தைத் தட்டில் குவித்து வைத்து, அள்ளிக் காகிதத்தில் மடித்துத் தருகிறார்கள். அதற்கு லேபிளே கிடையாது. மஞ்சளோடு வெங்காரமும் படிகாரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து வீட்டில் குங்குமம் செய்த காலத்தில் லேபிள் தேவைப்படவில்லை. செய்தவளைத் தெரியும், கேட்டால் சொல்வாள். இப்போது தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் அந்தக் குங்குமம் எங்கிருந்து வருகிறது, மஞ்சளா சாயமா என்று தெரியாது. மூட்டையாக வருகிறது, அவள் விற்கிறாள். அவள் கையிலும் அதே சிவப்பு ஒட்டியிருக்கிறது. அவளைக் குற்றம் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. செய்தவளை நேரில் கேட்க முடிந்த காலத்தின் இடத்தில்தான் இன்றைய லேபிள் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

அதனால் கேட்க வேண்டியவை சிக்கலானவை அல்ல. அளவைக் காரணம் காட்டும் விலக்கை எடுத்துவிட வேண்டும். பொட்டலத்தில் இடமில்லையென்றால் சரத்தின் தலைப்பிலும் பெட்டியிலும் கடைச் சுவரிலும் எழுத வேண்டும். ஒவ்வாமை தரும் பொருள்களின் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் இருக்க வேண்டும். பார்லருக்குப் போகும் டப்பாவிலும், பொட்டு அட்டையிலும், குங்கும மூட்டையிலும் செய்தவரின் பெயரும் முகவரியும் சேர்மானமும் இருக்க வேண்டும். பட்டியலை நம்பி விட்டுவிடாமல் அரசு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளிலிருந்து எடுத்துச் சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். இவை அனைத்தும் செய்கிறவர்களும் ஆள்கிறவர்களும் செய்ய வேண்டியவை. ஐந்து ரூபாயை நீட்டி ஒரு பாக்கெட் வாங்கும் பெண் அந்த ஐந்து ரூபாயைத் தவிர வேறு எதற்கும் கடன்பட்டவள் இல்லை.